கதவைச் சாத்தியவர் பொறுப்பு: நாய்க் காப்பகங்களைப் பற்றி ஒரு பாடம்





வெள்ளிக்கிழமைதோறும் நம்மில் பலர் சூரத்துல் கஹ்ஃபு ஓதுகிறோம். ஓதும்போது ஒரு நாயைக் கடந்துதான் போகிறோம். குகையில் உறங்கிய இளைஞர்களைப் பற்றிச் சொல்லும் அல்லாஹ், வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த அவர்களது நாயையும் சேர்த்தே சொல்கிறான் (18:18). அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் தர்க்கம் செய்ததைச் சொல்லும் இடத்திலும் (18:22) ஒவ்வொரு கணக்கிலும் நாய் எண்ணப்படுகிறது. ஓதி முடித்துத் தொழுதுவிட்டு வெளியே வருகிறோம். செருப்புகளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் நாய்க்கு நம்மிடமிருந்து கிடைப்பது பெரும்பாலும் ஒரு கல்.

2025-ஆம் ஆண்டு இந்த விஷயம் நாடு முழுக்கப் பேச்சானது. ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று வேறோர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக் கூடாது என்றது. நவம்பரில், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்று இன்னோர் உத்தரவு வந்தது. எல்லோர் வாயிலும் ‘காப்பகம்’ என்ற சொல். “பிடித்துக்கொண்டுபோய் காப்பகத்தில் போடுங்கள்” என்று டீக்கடையில் சொல்வது எளிது. காப்பகத்தின் உள்ளே என்ன நடக்கிறது, ஒரு நாயை அடைத்து வைக்க என்னவெல்லாம் தேவை, பிறகு அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதை அறிந்தவர்கள் நம்மில் குறைவு. இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பூனையை அடைத்த பெண்

தாகத்தில் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் தண்ணீர் மொண்டுவந்து புகட்டியவர் மன்னிக்கப்பட்ட செய்தி நம் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். பயான்களில் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம். காப்பகம் பற்றிப் பேசும்போது அதைவிடக் கனமான ஹதீஸ் வேறொன்று உண்டு என்பது என் கருத்து. ஒரு பூனையை அடைத்து வைத்துச் சாகடித்த பெண் அதன் காரணமாகத் தண்டிக்கப்பட்டதாக நபி (ஸல்) அவர்கள் கூறியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது இருக்கிறது.

அவள் செய்த குற்றம் என்ன என்பதை நபியவர்கள் பிரித்தே சொல்கிறார்கள். அவள் அதற்கு உணவு தரவில்லை. பூமியில் கிடைக்கும் சிறு உயிர்களைத் தானே தேடித் தின்ன அதை விடவும் இல்லை. பூனை வளர்க்கும்படி யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவிழ்த்து விட்டிருந்தால் அவள்மீது கேள்வியும் இல்லை. கதவைச் சாத்தினாளே, அந்த நொடியில் அந்தப் பூனையின் வயிறு அவள் கணக்கில் ஏறிவிட்டது.

நாய்க் காப்பகம் நடத்துகிறவர் அன்றாடம் செய்வதும் கதவைச் சாத்தும் வேலைதான். தெருவில் இருக்கும் நாய்க்கு ரிஸ்க் வேறு வழிகளில் வந்து சேரும். கூண்டுக்குள் வந்த நாய்க்கு ஒரே வழி, சாவி வைத்திருப்பவர்.

இந்தப் பொறுப்பை நம் இமாம்கள் விரித்து எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 660-இல் (கி.பி. 1262) மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்), தமது ‘கவாயிதுல் அஹ்காம்’ நூலில் மனிதன்மீது கால்நடைகளுக்கும் பிராணிகளுக்கும் உள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகிறார். முதுமையாலோ தீராத நோயாலோ ஒரு பயனும் இல்லாமல் போன பிராணிக்கும் செலவு செய்ய வேண்டும். அதைக் காயப்படுத்தக்கூடிய இன்னொரு பிராணியோடு, தன் இனமானாலும் வேற்றினமானாலும், சேர்த்து அடைக்கக் கூடாது. அது படுக்கும் இடத்தைச் சீராக வைக்க வேண்டும். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் பட்டியலை இன்றைய நல்ல காப்பகம் ஒன்றின் சுவரில் ஒட்டி வைக்கலாம். அங்கே வேலை செய்கிறவர்கள் ‘இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்’ என்பார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

நம் ஊர்களில் சிறிய காப்பகங்கள் பெரும்பாலும் ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான் தொடங்குகின்றன. சென்னையின் புளூ கிராஸ் அமைப்பும் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் என்பவரும் அவர் குடும்பத்தாரும் தொடங்கியதுதான். இன்று அது பெரிய அமைப்பு. நாம் இங்கே பேசுவது அவ்வளவு பெரியவற்றைப் பற்றி அல்ல. ஊருக்கு வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலம், தகரக் கொட்டகை, கம்பி வலைத் தடுப்புகள், அங்கேயே தங்கியிருக்கும் ஒரு வேலையாள், மாலையில் வந்து போகும் நான்கைந்து தன்னார்வலர்கள். இப்படித்தான் சிறிய காப்பகம் இருக்கும். குரைப்புச் சத்தம் பொறுக்காமல் அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறுவதும் உண்டு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடிபட்டு வரும் எல்லா நாயும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்த தெருநாயை அதே பகுதியில்தான் திரும்ப விட வேண்டும். அடையாளத்துக்குக் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும். உங்கள் தெருவில் அப்படி ஒரு நாயைப் பார்த்தால், அதற்காக யாரோ செலவழித்திருக்கிறார்கள் என்று பொருள். இந்த நவம்பர் உத்தரவு போன்ற விதிவிலக்குகள் தனி. தங்க வைக்கப்படுபவை தெருவுக்குத் திரும்ப முடியாதவை: தாயை இழந்த குட்டிகள், கண் போனவை, கால் எடுக்கப்பட்டவை, வீட்டில் வளர்ந்து பின் சாலையில் இறக்கிவிடப்பட்ட சாதி நாய்கள்.

கடைசியாகச் சொன்னது மனத்தை உறுத்தும் கூட்டம். ஆசைப்பட்டு வாங்கிய லாப்ரடார், சென்னை வெயிலில் மூச்சு வாங்கும் ஹஸ்கி, வெளிநாட்டு விசா வந்ததும் சுங்கச்சாவடி ஓரத்தில் விடப்பட்ட பக். தெருவில் பிறந்த நாய்க்குக் குப்பைமேட்டிலும் பிழைக்கத் தெரியும். இவற்றுக்குச் சாலையைக் கடக்கவே தெரியாது. நியாயமான காரணமின்றி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பெண் பூனையை அடைத்துக் கொன்றாள். இவர்கள் பிழைக்கத் தெரியாமல் வளர்த்துவிட்டுக் கதவைத் திறந்து விடுகிறார்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியவில்லை.

புதிதாக வரும் நாயை நேரே மற்றவற்றோடு சேர்ப்பதில்லை. இரண்டு வாரம் தனிக் கூண்டு, தனித் தட்டு, அந்தக் கூண்டுக்குள் போக வேலையாளுக்குத் தனிச் செருப்பு. காரணம் பார்வோ என்னும் வைரஸ் நோய். குட்டிகளுக்கு ரத்த பேதியாகி இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது அசையாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். இரக்கப்பட்டு ஒரு குட்டியை அவசரமாக உள்ளே விட்டால் இருக்கிற குட்டிகள் எல்லாம் போய்விடும். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

தரை சிமெண்டாக, சாய்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுவிய நீரும் மூத்திரமும் தேங்கும். வெறும் சிமெண்டில் படுத்துப் படுத்து முட்டியில் புண் வரும் என்பதால் மரப்பலகையோ சாக்குக் கட்டிலோ போடுகிறார்கள். மழைக்காலம் வந்தால் உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும். சாப்பாட்டு நேரம்தான் மிக ஆபத்தான நேரம்: நாள் முழுக்க ஒட்டிப் படுத்திருக்கும் இரண்டு நாய்கள் ஒரு தட்டுக்காகக் காதைக் கிழித்துக்கொள்ளும். எனவே எது எதனோடு சேரும் என்று பார்த்துத்தான் அறை ஒதுக்குவார்கள், தட்டுகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். இமாம் இஸ்ஸுத்தீன் எழுதியது நினைவுக்கு வருகிறதா?

இவ்வளவும் செய்தாலும் காப்பகம் ஒரு முஸாஃபிர்கானாதான். வழிப்போக்கர் தங்கிப் போகும் இடம். ஆண்டுக்கணக்கில் கூண்டில் இருக்கும் நாய் ஒரே வட்டத்தில் சுற்றத் தொடங்கும். சில நாய்கள் ஓயாமல் குரைக்கும், சில சுவரைப் பார்த்தே படுத்திருக்கும். அதனால் நல்ல காப்பகம் நாயைச் சேர்க்கும் நாளிலேயே அதை எங்கே அனுப்புவது என்று யோசிக்கத் தொடங்குகிறது. கூண்டு போதாதபோது தற்காலிகமாகச் சில வாரங்கள் வைத்துக்கொள்ளும் வீடுகளையும் தேடுகிறார்கள். குட்டிகளுக்கு அது மிக நல்லது. மனிதர்கள், மிக்ஸி சத்தம், மாடிப்படி எல்லாம் பழகிவிடும்.

‘இடமில்லை’ என்று சொல்வது

காப்பகத்தார் அதிகம் திட்டு வாங்குவது ஒரே சொல்லுக்காக. அடிபட்ட நாயைப் பற்றிப் போன் செய்கிறோம், “இடமில்லை” என்கிறார்கள். பிராணி நேசம் எல்லாம் வேஷம் என்று நாம் கோபப்படுகிறோம். பூனை ஹதீஸை வைத்துப் பாருங்கள். இருபது நாய்க்குச் சோறும் மருந்தும் உள்ளவர் அறுபதைச் சேர்த்தால், அறுபதின் பசியும் அவர் தலையில். இரக்கத்தில் தொடங்கி, எண்ணிக்கை கைமீறி, நாய்கள் ஒன்றை ஒன்று கடித்துத் தின்னும் நிலைக்குப் போன இடங்கள் உலகில் பல உண்டு. இடமில்லை என்று உண்மையைச் சொல்வது, இருப்பவற்றின் உரிமையைக் காப்பது.

அளவு பார்க்காமல் அடைத்ததற்கு நம் சமுதாய வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இஸ்தான்புல் நகரத்து முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாகத் தெருநாய்களுக்கு உணவு வைத்து வாழ்ந்தவர்கள். 1910-இல் அன்றைய ஆட்சியாளர்கள் நகரத்தை நவீனமாக்குகிறோம் என்று பல்லாயிரம் நாய்களைப் பிடித்து, மர்மரா கடலில் மனிதர் வாழாத ஒரு பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே உணவு இல்லை, குடிநீர் இல்லை. பசியிலும் தாகத்திலும் அவை செத்தன. தீவுக்குக் கதவு கிடையாது. கடலே கதவாக இருந்தது. இன்றுவரை துருக்கி மக்கள் வருத்தத்தோடு பேசும் நிகழ்ச்சி அது.

வீடு பார்த்துக் கொடுப்பது

நிக்காஹ்வுக்கு முன் நாம் எப்படி விசாரிக்கிறோம்? மாப்பிள்ளை எப்படி, குடும்பம் எப்படி, சொந்த வீடா வாடகையா. காப்பகத்தாரும் ஏறக்குறைய அப்படித்தான் விசாரிக்கிறார்கள். நாய் கேட்டு வருபவரிடம் படிவம் வாங்குகிறார்கள், போனில் நீண்ட நேரம் பேசுகிறார்கள், வீட்டை நேரில் போய்ப் பார்க்கிறார்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதம் உண்டா? பகலில் யாராவது இருப்பார்களா? மொட்டை மாடியில் கட்டிப் போடத்தான் கேட்கிறாரா? வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா? கடைசிக் கேள்விக்குத்தான் பலர் தடுமாறுவார்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுப்பதில்லை. கொடுக்கும்போது ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். வயது வந்ததும் கருத்தடை செய்ய வேண்டும், தடுப்பூசி தவறக் கூடாது, விற்கவோ வேறொருவருக்குக் கைமாற்றவோ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை: வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் தெருவில் விடாமல் எங்களிடமே திருப்பித் தாருங்கள். கொடுத்த பிறகும் மாதக்கணக்கில் போட்டோ கேட்பார்கள். சிலருக்கு இது தொல்லையாகத் தெரிகிறது. அமானத்தை ஒப்படைத்தவர் விசாரிக்காமல் இருந்தால்தான் நாம் ஆச்சரியப்பட வேண்டும்.

வெள்ளைக் குட்டிகளும் பஞ்சுபோன்ற சாதி நாய்களும் சீக்கிரம் போய்விடும். கறுப்பு நாட்டு நாய், வயதானது, மூன்று காலுள்ளது கடைசிவரை கிடக்கும். பயனில்லாமல் போன பிராணிக்கும் செலவு செய் என்ற வரி இவற்றுக்காக எழுதப்பட்டதோ என்று தோன்றும். புதிய வீட்டுக்குப் போன நாய் முதல் சில நாள் சாப்பிடாது, மூலையில் ஒளியும். வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் ஆகும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. முதல் வாரத்திலேயே “சரிப்படவில்லை” என்று திருப்பிக் கொண்டுவருபவர்களும் உண்டு.

கருத்தடை விஷயத்தில் நமக்கு ஒரு சிக்கல் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. நான் சொன்ன இமாம் இஸ்ஸுத்தீனின் பட்டியலிலேயே, பருவத்தில் ஆணையும் பெண்ணையும் சேர விடுவதும் பிராணியின் உரிமையாக வருகிறது. உண்ணப்படாத பிராணிக்குக் காயடிப்பது கூடாது என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் சொல்லும் ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு. பயன் இருந்தால் கூடும் என்பது ஹனஃபீகளின் கருத்து. குட்டிகள் பெருகித் தெருவில் செத்து மடிவதையும், விஷம் வைத்துக் கொல்வதையும் தடுக்க இதைவிட இலேசான வழி இல்லாதபோது கூடும் என்று இக்கால அறிஞர்கள் பலர் ஃபத்வா தந்துள்ளனர். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நாம் நாய் வாங்கலாமா?

வேட்டை, கால்நடை, விவசாயக் காவல் ஆகியவற்றுக்கு அன்றி நாய் வைத்திருப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறையும் என்ற ஹதீஸும், நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸும் ஆதாரப்பூர்வமானவை. எனவே பரிதாபத்தில் ஒரு குட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, பெரியவர்கள் கண்டித்ததும் வெளியே தள்ளுவதைவிட, முதலிலேயே வாங்காமல் இருப்பது அந்தக் குட்டிக்கும் நல்லது. தென்னந்தோப்பும் ஆட்டுப்பட்டியும் வைத்திருப்பவர் நிலை வேறு. காவலுக்கு நாய் தேவை என்றால் விலை கொடுத்து வாங்காமல் காப்பகத்தில் கேளுங்கள். வளர்ந்த நாட்டு நாய்க்குத் தோப்பைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் காப்பகத்தார் தோப்புக்காரர்களிடம் தயங்குவார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இரண்டு முழச் சங்கிலியில் கிடக்கும் தோப்பு நாய்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

நஜீஸ் பயத்தில் கல்லெறிய வேண்டிய அவசியமே இல்லை. ஷாஃபிஈ மத்ஹபிலும் இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் தொட்டதால் நஜீஸ் ஒட்டாது. ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து. ஹனஃபீகளிடம் எச்சில்தான் நஜீஸ். மாலிக்கீகளிடம் நாய் சுத்தமான பிராணி. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் நாய்கள் பள்ளிவாசலுக்குள் வந்து போகும், அதற்காகத் தண்ணீர் தெளிக்க மாட்டார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. காப்பகத்தில் உதவச் செல்லும் நம் இளைஞர்கள் தொழுகைக்கென்று ஒரு மாற்று உடை வைத்துக்கொண்டால் போதும்.

பிள்ளைகளைப் பெற்றவர்களின் பயம் வேறு, அது நியாயமானது. நாய் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். மஞ்சள் தடவுவது, மிளகாய்ப்பொடி வைப்பது, மந்திரிப்பதோடு நிறுத்துவது எதுவும் வேண்டாம். வெறிநோய் முற்றிவிட்டால் அநேகமாக மரணம்தான்.

நாய் வாங்காமலே செய்யக்கூடியவை நிறைய. ஜகாத்தை இதற்குக் கொடுக்க முடியாது. அதைப் பெறுவோர் எட்டு வகையினர் என்று குர்ஆன் வரையறுத்துவிட்டது. ஸதகா கொடுக்கலாம். நம் மஹல்லாவில் கறிக்கடை, கோழிக்கடை வைத்திருப்பவர்கள் பலர். கோழித் தலை, கால், எலும்புக்கூடு ஆகியவற்றைக் குப்பையில் கொட்டாமல் ஒரு வாளியில் தனியாக எடுத்து வைத்தால், காப்பகத்து ஆள் காலையில் வந்து வாங்கிப் போவார். அவர்கள் அதை அரிசியோடு குழைய வேகவைத்து, எலும்பைப் பொறுக்கிவிட்டுப் போடுவார்கள்.

வலீமா விருந்தில் மிஞ்சிய பிரியாணியை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், வெந்த எலும்பு சிதறிக் குடலில் குத்தும். நிய்யத் நல்லதாக இருந்தும் நாய் வயிறு வீங்கிப் படுத்துவிடும். சமையல்காரரிடம் முன்பே சொல்லி, மசாலா சேராமல் வடித்த சோறு ஒரு அண்டா தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் புளிக்கும் முன், அன்று மாலை அஸருக்குள் அனுப்பிவிடுங்கள்.